வண்ண மீன் கடைக்காரர்களுக்கு: தொட்டியில் ஒரு தேதி எழுதுங்கள்

சென்னையில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். பதினொரு வருடமாக உங்கள் வாடிக்கையாளன். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வண்ண மீன் சந்தைப் பக்கம் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் என்னை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். 2017இல் மத்திய அரசு மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்து நீங்கள் எதிர்த்தபோது நானும் உங்கள் பக்கம்தான் பேசினேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் உங்களில் ஒருவரிடம் நான்கு பலூன் மோலி வாங்கினேன். "எப்ப வந்த மீனுங்க?" என்று கேட்டேன். "ரொம்ப நாளா நம்ம தொட்டியிலதான் சார் இருக்கு, தைரியமா கொண்டுபோங்க" என்றார். அந்தத் தொட்டிக்குக் கீழே, இன்னும் பிரிக்காத பாலிதீன் பைகளில் அதே மோலிகள் மிதந்துகொண்டிருந்தன. பார்த்தும் நம்பினேன். வீட்டுக்கு வந்து தனியாக வைக்காமல் நேரே பெரிய தொட்டியில் விட்டது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் ஒரு மோலி கல்லில் உடம்பைத் தேய்த்தது. மறுநாள் எல்லா மீன் மேலும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. கடைக்கு போன் செய்தேன். "உங்க தண்ணி சரியில்ல சார். நீல மருந்து ஊத்துங்க, புள்ளி போனதும் நிறுத்திடுங்க" என்றார்.

புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அந்த வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணியின் வேலை. முற்றிய ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கித் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் நீந்தி வெளியே வந்து அடுத்த மீனைத் தேடும் ஓரிரு நாளில்தான் மருந்து அதைப் பிடிக்கும். தோலுக்குள் இருக்கும்போது பெரும்பாலான மருந்து அதைத் தொடாது. புள்ளி போனதும் மருந்தை நிறுத்துவது, திருடன் கொல்லைப்புறம் போனதும் வாசல் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

தண்ணீரை 30 டிகிரிக்கு ஏற்றினேன். சூடு ஏற ஏற ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும், ஆனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அன்றைக்கென்று இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஏர் பம்ப் நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நானும் என் மகளும் ஆளுக்கொரு மக்கை எடுத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். கரண்ட் வந்தபோது மணி நாலரை. ஆறு வருடமாக வளர்த்த ஏஞ்சல் ஜோடியில் பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. மக்கைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தொட்டியிலும் மீன் வந்த தேதியை எழுதுங்கள். வந்து இரண்டு வாரம் ஆகாத மீனைக் கேட்டால், "இன்னும் நாள் ஆகலை" என்று சொல்லி விற்க மறுத்துவிடுங்கள். இடம் கிடையாது, வாடகை கட்டுப்படியாகாது, காத்திருந்தால் பணம் முடங்கும் என்பீர்கள். சரி, இரண்டு வாரம் வைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. தேதி எழுதுவதற்கு வாடகை கிடையாதே. தேதி தெரிந்தால் மீதி நாளை நாங்கள் வீட்டில் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்வோம்.

அப்புறம் அந்த வலை! செத்த மீனை எடுத்த ஈர வலையாலேயே அடுத்த தொட்டியில் எனக்கு மீன் பிடித்துத் தருகிறீர்கள். நோயை ஒரு கையில் விற்று மருந்தை மறு கையில் விற்கும் வியாபாரம் வேறு எங்கேயாவது உண்டா? என்ன நோயென்றே பார்க்காமல் மனிதர் சாப்பிடும் டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துப் போடச் சொல்கிறீர்கள். உடம்புக்குள் இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி மீனுக்கு ஊசியில் சாயம் ஏற்றியதை "ஸ்பெஷல் கலர்" என்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு மடல் ஆகிவிடும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களில் புது மீனைத் தனியே வைத்து, "பத்து நாள் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கிய மீன் என் வீட்டில் இன்னும் நீந்துகிறது. மற்றவர்களைத்தான் பணிவோடு கேட்கிறேன்: தேதியை எழுதுங்கள்.

இப்போது என் பால்கனியில் நாற்பது லிட்டர் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனி வலை எல்லாம் தயாராக இருக்கின்றன. அடுத்த ஞாயிறு வருகிறேன். எழுத மார்க்கர் இல்லையென்றால் சொல்லுங்கள், வரும்போது ஒரு பெட்டி வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்