வேம்புக்கு வேம்

அன்புள்ள குமரா,

இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது மரத்துக்காக.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள், தெரு முழுக்க மரங்கள் சாய்ந்து கிடப்பதைச் சொன்னபோது, "அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டால் வேர் எங்கேடா போகும்?" என்று கேட்டாய். அது மனசிலேயே இருந்தது. அதனால்தான் மூன்று வருஷம் முன்பு தெருவின் இரண்டு பக்கமும் வேப்பங்கன்று வைத்தபோது குழியை அகலமாக வெட்டி, நீ கொடுத்தனுப்பிய வேம் (VAM, வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூசண உரம்) பாக்கெட்டை வேரில் படும்படி தூவினேன். வேம்புக்கு வேம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாயே!

வடக்கு வரிசைக் கன்று இப்போது முதல் மாடி ஜன்னலைத் தொடுகிறது. தெற்கு வரிசைக் கன்று என் தோள் உயரம்கூட இல்லை. அதே நர்சரி, அதே மண், அதே வேம். பயந்துபோய் மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி உரம் வைத்தேன், அது தப்பு. மணிச்சத்து மண்ணில் தாராளமாகக் கிடைத்தால் வேர் பூசணத்தைச் சேர்த்துக்கொள்வதே குறைந்துவிடும் என்று பிறகுதான் படித்தேன்.

அப்புறம் மாதக்கணக்கில் கவனித்தேன். சித்திரை, வைகாசியில் வெயில் உச்சிக்கு வரும்போது தெற்குக் கன்று துளிர்க்கிறது. ஐப்பசிக்கு மேல் சூரியன் தெற்கே சாய்ந்ததும் பின்னால் இருக்கிற ஐந்து மாடிக் கட்டடத்தின் நிழல் விழுந்து அப்படியே நின்றுவிடுகிறது. பூசணம் சும்மா உழைக்காது குமரா. வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் மயிரிழை மாதிரி போய் மணிச்சத்தும் ஈரமும் கொண்டுவந்து கொடுக்கும், அதற்குக் கூலியாக இலை சமைத்த சர்க்கரையைக் கேட்கும். மரம் சமைப்பதில் 20 சதவீதம் வரைகூட இப்படிப் போகுமாம். வெயிலே இல்லாத இலை எதைச் சமைக்கும், எதைக் கொடுக்கும்? நிழலில் அந்தக் கூட்டாளியே பாரமாகிவிடலாம். இத்தனை நாள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. கன்று நடுகிற யாருமே நிழல் எந்த மாதம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த இடத்துக்கு நிழல் தாங்கும் மகிழம் சரியாக வரும் என்று நினைக்கிறேன். உங்கள் ஊர்க் கோயில் மகிழமரத்தடி மண் இரண்டு கை அள்ளி, ஒரு கன்றோடு அனுப்பு. வேம்பை வெட்ட மனசு வரவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல வெயில் இருக்கிறது. மூன்று வருஷ ஆணிவேர், மழைக்காலத்தில் பெயர்த்து வைத்தால் பிழைக்குமா? புரட்டாசிக்குள் பதில் எழுது.

அன்புடன்,
ரவி