பாட்டின் தலையும் அடியும் எங்கே, மாப்ள?

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரையில் பதில். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பையனையும் விசாரித்ததாகச் சொல். மொட்டை இன்னும் அதே ஸ்கூட்டரைத்தான் ஓட்டுகிறான், அதே கதையைத்தான் சொல்கிறான்.

நீ அனுப்பிய ஃபைலைக் கேட்டேன். மான்செஸ்டர் ராக் குழு ஸ்மித்ஸின் முதல் சிங்கிள், 'ஹேண்ட் இன் க்ளவ்', 1983 மே, ரஃப் டிரேட் என்ற லண்டன் கம்பெனி வெளியிட்ட ஏழு அங்குல இசைத்தட்டு. அது உன் அலமாரியில் இருப்பதற்கே எனக்கு வயிறு எரிகிறது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன் என்று இப்படிக் கொத்துக்கறி போட்டிருக்கிறாயே! தலையைக் காணோம். அடியையும் காணோம்.

தலையை முதலில் பார்ப்போம். அந்தப் பாட்டு நிசப்தத்திலிருந்து ஏறிவரும். சாமி ஊர்வலம் தெருமுனை திரும்பி நம் வாசலுக்கு வருகிற மாதிரி, முதலில் மங்கலாக, பிறகு கிட்டே கிட்டே. வாசலுக்கு வந்ததும் குழுவின் கிட்டார்காரர் ஜானி மார் ஊதும் மவுத் ஆர்கன் காதைக் குடையும். உன் ஃபைலில் பாட்டு கூரைமேல் தேங்காய் விழுந்த மாதிரி தொப்பென்று ஆரம்பிக்கிறது. பதிவு மென்பொருளில் 'நிசப்தத்தை வெட்டு' என்ற வசதியை அப்படியே விட்டிருக்கிறாய். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் எல்லாமே அதற்கு வெற்றிடம்தான். ஏறிவருகிற முதல் நொடிகளும் அந்த அளவுக்குக் கீழே என்பதால் அள்ளிக் கொட்டிவிட்டது. அதை அணை. தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டையும் அணை. இல்லாவிட்டால் சன்னமான தொடக்கத்தை அது தூக்கிவிடும், பாட்டு வலுத்ததும் அமுக்கும், ஏற்றமே சப்பையாகிவிடும்.

ஊசி தட்டில் இறங்குவதற்கு முன்பே பதிவை ஆரம்பித்துவிடு. மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அளவு வை. 24 பிட்டில் எடு. பிறகு கையாலேயே வெட்டு, முன்னால் இரண்டு நொடி வெறும் ஊசிச் சத்தத்தை விட்டுவிட்டு. 'இரைச்சல் நீக்கம்' பக்கம் போகாதே. தட்டின் உஸ் சத்தத்தோடு மவுத் ஆர்கனின் மூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். பொட்டு பொட்டென்று வெடிக்கிறதென்றால் அது தூசி. மென்மையான துணி, காய்ச்சி வடித்த நீர், பள்ளத்தின் போக்கிலேயே துடை. குறுக்கே தேய்த்தால் கீறல்தான் மிச்சம்.

"ஆல்பத்தில் இதைவிடச் சுத்தமாக இருக்கே, அதையே வைத்துக்கொள்ளலாமே" என்று வேறு எழுதியிருக்கிறாய். கடவுளே! 1984 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்தில் இருப்பது தயாரிப்பாளர் ஜான் போர்ட்டர் மறுபடி கலந்தது. துடைத்து வைத்த பித்தளை. சிங்கிளில் இருக்கும் அந்தப் புகைமூட்டம் அதில் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் அதே ஆண்டு நவம்பரில் வந்த 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பை எடு. சிங்கிளில் வந்த கலவையையே அதில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தப் புகைக்குக் காரணம் ஏழ்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ, 1983 பிப்ரவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. செலவு சுமார் 250 பவுண்டு, கொடுத்தவர் துணிக்கடை வைத்திருந்த மேனேஜர் ஜோ மாஸ். தயாரிப்பாளர் என்று தனியாக ஆள் கிடையாது, நாலு பேரும்தான். குரல் திருப்தியில்லை என்று பாடகர் மாரிஸ்ஸி பிறகு மறுபடி போய்ப் பாடினார். பாட்டு பிறந்த கதை உனக்குப் பிடிக்கும்: மாருக்கு ஒரு மலிவு கிட்டாரில் மெட்டு சிக்குகிறது, பதிவு செய்ய டேப் இல்லை. காதலி ஆஞ்சி காரை ஓட்ட, மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வாசித்துக்கொண்டே மாரிஸ்ஸி வீட்டுக்குப் போகிறார். இன்னும் அமெரிக்க ராக் பாடகர் இகி பாப் மாதிரி இருக்கட்டும் என்று ஆஞ்சி சொன்னதும் போகிற வழியில்தான்.

தட்டு அசலா என்று கேட்டிருந்தாய். லேபிளில் ஆர்டி 131 என்ற கம்பெனி எண் இருக்க வேண்டும். விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பிடி. பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் முன் வழவழவென்று ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அங்கே 'கிஸ் மை ஷேட்ஸ்' என்று கீறியிருக்கும். பின்பக்கம் கடைசியில் ஒரு 'டூ' கூடுதலாக இருக்கும். அந்தப் பின்பக்கப் பாட்டு பிப்ரவரி 4 அன்று மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப்பில் மேடையில் வாசித்தது. அட்டையில் முதுகு காட்டி நிற்கும் அம்மணக்காரரை உன் மாமியார் பார்த்தாரா? அதைத் தனியாக எழுது.

இனி அடி. பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள், சுத்தமாக இல்லை, எல்லாம் தகர டப்பாவில் பட்டாணி உருட்டிய மாதிரி. பிளேயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறாய், அதுதான் வினை. தட்டில் வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்து, உயர்ந்தவற்றைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி இடத்தைத் தின்றுவிடும். அதைத் திரும்பச் சரிசெய்வது ஃபோனோ பிரீஆம்ப். உன் பிளேயரின் பின்னால் 'ஃபோனோ', 'லைன்' என்று சுவிட்ச் இருந்தால் லைனில் வை. இல்லையென்றால் நடுவில் ஒரு பிரீஆம்ப் பெட்டி வாங்கு. லைனும் பெட்டியும் சேர்ந்துவிடக் கூடாது. அப்புறம் கூழாகக் கொழகொழக்கும்.

இதற்கா இவ்வளவு கத்துகிறேன் என்பாய். நீ தொலைத்த அந்த அடி, பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க், மாப்ள. பாட்டைப் பதிந்த காசெட்டை ரஃப் டிரேட் முதலாளி ஜெஃப் டிராவிஸிடம் நீட்ட மாரோடு லண்டனுக்குப் போன ஆள். பாட்டின் உரிமையில் பெயர் இல்லை, குழுவின் பதிவு வருமானத்தில் பங்கு பத்து சதவீதம். அதற்காகப் போட்ட வழக்கிலும் கடைசியில் 83,000 பவுண்டுக்கு ஒத்துக்கொண்டு விலகினார். 2023 மே 19 அன்று கணையப் புற்றுநோயில் போய்விட்டார், 59 வயது. தட்டு வெளியாகி நாற்பது வருடம் நிறைந்த அதே மாதம். வெளிவந்தபோது பிரிட்டனின் பொது விற்பனைப் பட்டியலில் முதல் 75-க்குள்கூட அது எட்டிப் பார்க்கவில்லை. மறு வருடம் அறுபதுகளின் பாடகி சாண்டி ஷா பாடி, இதே ரூர்க் பேஸ் வாசித்துத்தான் 27-வது இடம்.

சனிக்கிழமைக்குள் மறுபடி எடுத்து அனுப்பு. வாட்ஸ்அப்பில் ஆடியோவாகப் போடாதே, நசுக்கிவிடும். டாக்குமெண்டாகப் போடு, வேவ் ஃபைலாக. மொட்டைக்கு அனுப்பாதே, அவன் அதை ரிங்டோனாக வைத்துவிடுவான்.

உன்,
சோடாபுட்டி