ஹைடல்பெர்க்கிலிருந்து சங்கரனுக்கு

ஹைடல்பெர்க்,
14-6-2025

அன்புள்ள சங்கரா,

நாங்கள் எல்லோரும் நலம். பொங்கலுக்குப் பேசியதோடு சரி. ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் கோபம் நியாயமானது. நேரில் பார்க்கும்போது திட்டித் தீர்த்துக்கொள். மகளுக்கு இரண்டாவதும் பையன். தாயும் பிள்ளையும் சுகம். உன் தங்கச்சி, தான் கொண்டுவந்த பெருங்காயம் தீர்ந்துவிட்டதென்று தினமும் வருத்தப்படுகிறாள். இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. பெரிய பேரன் அதுவரை தூங்க மாட்டேன் என்கிறான். ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

முப்பத்தெட்டு வருடம் அச்சு மெஷினின் முகப்பில் இந்த ஊர்ப் பெயரைப் படித்துக்கொண்டே தாள் அடித்தவன் நான். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே உலோகத்தில் ஒரு பிரம்மாண்டமான குதிரை நிற்கிறது. அச்சுத் தொழிலுக்காக வைத்த குதிரையாம். அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மெஷின் தொழிற்சாலை பக்கத்தில் வீஸ்லோக்கில் இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. போன ஞாயிறு பேரன் என்னை ஒரு மலைக்குக் கூட்டிப்போனான். அன்றிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறது.

மலையின் பெயர் கோனிக்ஸ்டூல். ஏறுவதற்குக் கம்பிவட ரயில் இருக்கிறது. பாதி வழியில் இறங்கி வண்டி மாற வேண்டும். மேல் பாதியில் ஓடுபவை 1907-ஆம் ஆண்டின் மரப்பெட்டிகள். பலகை கிறீச்சிட, இருபுறமும் காடு மெல்ல இறங்க, நாம் ஏறுகிறோம். உச்சியிலிருந்து கொஞ்சம் நடந்தால் மரங்களுக்கு நடுவே வட்டக் கூரைகள் தெரிகின்றன. 1898-இல் திறந்த வானாய்வகம். மாக்ஸ் வோல்ஃப் என்பவர் அங்கே இரவிரவாக வானத்தைப் படம் பிடித்தவர். கண்ணாடி பிளேட்டில், சங்கரா! உன் தொழில்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கணினியில் அந்தப் பழைய பிளேட்டுகளின் படங்களைத் தேடி எடுத்துக் காட்டினாள். நெகட்டிவாகவே வைத்திருக்கிறார்கள். வெளிர்ந்த கண்ணாடியில் ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு விண்மீன். ஓரிடத்தில் யாரோ மையால் சின்ன வட்டம் போட்டிருந்தார்கள். அதைப் பெரிதாக்கச் சொன்னேன். புள்ளிகளுக்கு நடுவே நகக்கீறல் போல ஒரு சிறு கோடு. அதுதான் சிறுகோள், சூரியனைச் சுற்றும் பாறைத் துண்டு. கேமரா விண்மீன்களோடு சேர்ந்து மணிக்கணக்கில் நகரும்போது விண்மீன்கள் புள்ளியாக விழும். சிறுகோளோ தன் வழியில் நகர்வதால் கோடாக விழும். கோடு நீளமாக இருந்தால் அது நமக்கு அருகில் இருக்கிறது; குட்டையாக இருந்தால் தொலைவில்.

எனக்கு உடனே உன் இருட்டறை ஞாபகம் வந்தது. லைட் டேபிளில் நெகட்டிவைப் போட்டு, கண்ணில் லூப் என்கிற அந்த உருப்பெருக்கியை இடுக்கி, ஒற்றை மயிர்த் தூரிகையால் ஊசித்துளை மாதிரியான ஒவ்வொரு பின்ஹோலாக அடைத்துக்கொண்டு வருவாயே! தூசியால் வந்த புள்ளி எது, படத்துக்குச் சொந்தமான புள்ளி எது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரியும். வோல்ஃபுக்கும் அதே தொல்லை இருந்திருக்கிறது. நியூயார்க்கில் கேதரின் புரூஸ் என்ற அம்மையார் கொடுத்த பணத்தில் ஒரே தாங்கியில் இரண்டு கேமராக்கள் பொருத்திய கருவி செய்துகொண்டார். ஒரே நேரத்தில் இரண்டு பிளேட்டுகள். இரண்டிலும் இருந்தால் அது வானத்தில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இருந்தால் பிளேட்டின் குறை. நீ அந்த வேலையில் இருந்திருந்தால் அவருக்கு ஒரே பிளேட் போதும் என்று மகளிடம் சொன்னேன். ஒருவேளை அந்தக் கோட்டையும் ஒபேக் மை வைத்து அடைத்திருப்பாய் என்கிற பயமும் எனக்கு உண்டு.

1906 பிப்ரவரி 22 அன்று எடுத்த பிளேட்டில் விழுந்த கோடு மிகவும் குட்டையாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சிறுகோள் வியாழனின் பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. வியாழன் எப்பேர்ப்பட்ட பூதம்! அதன் பாதையில் குறுக்கே வந்ததையெல்லாம் விழுங்கும், இல்லையென்றால் தூக்கி எறியும். இது மட்டும் எப்படிப் பிழைத்தது? விடை 1772-லேயே லாக்ராஞ்ச் என்ற கணித மேதையின் தாளில் இருந்தது. கிரகத்துக்கு 60 பாகை முன்னாலும் 60 பாகை பின்னாலும் இரண்டு இடங்கள் உண்டு. அங்கே இருப்பது அங்கேயே இருக்கும் என்று எழுதியிருந்தார். 134 வருடம் அது வெறும் கணக்காகக் கிடந்தது. வோல்ஃபின் பிளேட் வந்ததும் கணக்குக்கு உயிர் வந்துவிட்டது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். டெய்லி காலண்டரில் எத்தனை குருப்பெயர்ச்சி அச்சடித்திருக்கிறோம்! 60 பாகை என்றால் இரண்டு ராசி. போன மாதம் குரு மிதுனத்துக்கு வந்திருக்கிறாரா? சூரியனில் நின்று பார்த்தால் இரண்டு ராசி முன்னால், சிம்மத்தில் ஒரு கூட்டம் போகிறது. இரண்டு ராசி பின்னால், மேஷத்தில் இன்னொரு கூட்டம் வருகிறது. இன்றைய கணக்குக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். குருவுக்குப் பெயர்ச்சி என்றால் இவர்களுக்கும் பெயர்ச்சி. நாற்பது வருடம் குருபலன் போட்ட நமக்கு இந்தப் பரிவாரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருக்கிறது.

இவற்றின் நிறத்தைக் கேள். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூட இவற்றில் பல திருப்பித் தருவதில்லை. எல்லாவற்றிலும் பெரியது ஹெக்டர். நீளவாட்டில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஏழு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழன்றுவிடுகிறது. தனக்கென்று ஒரு குட்டி நிலவும் வைத்திருக்கிறது. அது திருப்பித் தருவது நூற்றுக்கு இரண்டரை பங்கு. தாளில் பென்சிலால் கணக்குப் போட்டேன். அச்சின் கறுப்பை அளக்கிற நம் டென்சிட்டோமீட்டரில் வைத்தால் 1.6 காட்டும், சங்கரா! ஆர்ட் பேப்பரில் முழுக் கறுப்பு. 1989 தீபாவளி சீசனில் அண்ணாச்சி நம்மை மூன்று ராத்திரி நிற்கவைத்துக் கேட்டாரே, அந்தக் கறுப்பு. நாளிதழ்த் தாளில் நாம் தலைகீழாக நின்றாலும் 1.0-ஐத் தாண்டுவது பெரும்பாடு. 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பிசிறில்லாமல் அந்தக் கறுப்பைப் பூசி வைத்திருக்கிறது. அண்ணாச்சி இருந்திருந்தால் ‘இதுதாண்டா சாலிட்’ என்றிருப்பார்.

வோல்ஃப் கண்டதற்கு அகிலஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்தடுத்துக் கிடைத்தவற்றுக்கு கிரேக்கக் காவியத்தில் வரும் டிராய் போர் வீரர்களின் பெயர்களையே வைக்கலாம் என்று வியன்னாவின் வானியலாளர் பாலிசா சொன்னார். பிறகு முன்னால் போகும் கூட்டம் கிரேக்கருக்கு, பின்னால் வரும் கூட்டம் டிராய்க்காரருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினை வருவதற்குள் இரண்டு பெயர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. பாட்ரோக்ளஸ் கிரேக்கன், அகிலஸின் உயிர் நண்பன். அவன் எதிரிப் பாசறையில் இருக்கிறான். அவனைக் கொன்ற டிராய் வீரன் ஹெக்டர் அகிலஸின் பாசறையிலேயே உலவுகிறான். இரண்டையும் கண்டுபிடித்தவர் வோல்ஃபின் உதவியாளர் கோஃப். பாட்ரோக்ளஸ் 1906 அக்டோபரில், ஹெக்டர் அடுத்த பிப்ரவரியில். இரண்டும் இதே மலையில். நண்பர்கள் இருவரின் கூட்டங்களுக்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 135 கோடி கிலோமீட்டர்.

பாட்ரோக்ளஸை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 95 வருடம் அதை ஒரே புள்ளியாகத்தான் பார்த்தார்கள். 2001-இல் ஹவாய்த் தீவின் ஜெமினி தொலைநோக்கியால் பார்த்தபோது புள்ளி இரண்டாகப் பிரிந்தது. மோசமான பிரிண்டில் ஒட்டிக்கொண்ட இரண்டு புள்ளிகளை நீ லூப் வைத்துப் பிரித்துக் காட்டுவாயே, அதே மாதிரி. ஒன்று 113 கிலோமீட்டர், மற்றது 104. சிவகாசியிலிருந்து திண்டுக்கல் வரை ஒரு கோடு போட்டால் கிட்டத்தட்ட ஒன்றின் குறுக்களவு. சென்னையில் ஒன்று, கன்னியாகுமரியில் ஒன்று என்கிற இடைவெளியில் நின்று, நான்கேகால் நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒன்று மற்றதற்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும். துணைக்கு மெனோயீஷியஸ் என்று பெயர். பாட்ரோக்ளஸின் தகப்பன் பெயர். இரண்டும் தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியவை. கறுப்புத் தோலுக்கு உள்ளே பனிக்கட்டி நிறைய இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இவை வியாழன் பக்கத்தில் பிறந்தவை அல்லவாம். சூரியக் குடும்பத்தின் ஆரம்பத்தில் பெரிய கிரகங்கள் இடம் மாறிய களேபரத்தில், தொலைவிலிருந்து அடித்துவரப்பட்டு இங்கே சிக்கியவை என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அந்தக் களேபரத்தில் இந்த ஜோடி பிரியவில்லை. அதை வைத்தே ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: இடமாற்றம் தாமதமாக நடந்திருந்தால் பிறந்த இடத்துக் கூட்டநெரிசலில் மோதுண்டு இரண்டும் எப்போதோ பிரிந்திருக்கும், பிரியாமல் வந்து சேர்ந்திருப்பதால் எல்லாம் முதல் பத்துக் கோடி வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அங்கே ஒரு விண்கலம் போகிறது. பெயர் லூசி. 2021 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவிலிருந்து கிளம்பியது. விசிறி போல விரிய வேண்டிய இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று முழுதாக விரிந்து பூட்டிக்கொள்ளவில்லை. இழுக்கும் கயிறு தொய்ந்துவிட்டது. உதிரி மோட்டாரையும் சேர்த்து ஓடவிட்டு, பூமியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, போதுமான அளவுக்கு விறைப்பாக்கிவிட்டார்கள். மெஷின் ஓட்டியவனுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். 2027 ஆகஸ்டில் முன்கூட்டத்துக்குப் போய், 2028 முடிவதற்குள் அங்கே நான்கு சிறுகோள்களைப் பார்த்துவிட்டு, பூமிப் பக்கம் திரும்பி வந்து வேகம் எடுத்துக்கொண்டு, 2033 மார்ச்சில் பாட்ரோக்ளஸ் ஜோடியிடம் போய்ச் சேரும். ஹெக்டரிடம் போகவில்லை, அது எனக்கு ஒரு குறைதான்.

2033 மார்ச்சில் உனக்கும் எனக்கும் எழுபத்தைந்து. அந்தப் படம் வரும்போது பக்கத்தில் நீ இருக்க வேண்டும். கறுப்பின் மேல் கறுப்பாக விழுந்த நிழலில் எது பள்ளம், எது கருவியின் குறை என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் இதைக் கேட்கிறேன். உன் மகன் நேற்றுப் போன் செய்தான். பேருந்து நிலையத்தில் பஸ் எண் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாயாம். போன மாதம் வாசல்படியில் தடுமாறி விழுந்ததையும் சொன்னான். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்று மதுரையில் டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறதாமே? ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றே தள்ளிக்கொண்டிருக்கிறாயாம். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. நிறத்தோடு நிறம் பொருந்தாமல் ஒன்றரைப் புள்ளி ரிஜிஸ்டர் விலகினால் பத்தடி தூரத்திலிருந்து கத்துகிற கண், சங்கரா, அது!

நீ ஏன் தள்ளுகிறாய் என்று எனக்குத் தெரியும். மதினி இருந்திருந்தால் அடுத்த நாளே உன்னைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தால் நாளுக்குப் பல தடவை சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். மகன் கோவையில் வேலையை விட்டு வர முடியாது. மருமகளைக் கேட்க உனக்குக் கூச்சம். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? எனக்கு அம்மை வந்து கிடந்தபோது வேப்பிலையும் கையுமாக யார் உட்கார்ந்திருந்தது?

ஜூலை 9 அன்று நாங்கள் மதுரை வந்து இறங்குகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது. மறுவாரம் உன்னை நான் கூட்டிப்போகிறேன். உன் மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் நாள் கேட்டு வைக்கிறான். முதலில் வலது கண். லூப் வைக்கிற கண் அதுதானே? ஒரு மாதம் உன் வீட்டுத் திண்ணையறையில் நான் படுத்துக்கொள்கிறேன். சொட்டு மருந்து என் பொறுப்பு. உன் தங்கச்சி சமையல் அனுப்புவாள்.

அதுவரை ஒரு வேலை. பரணில் அந்தப் பித்தளை லூப் எங்கேயாவது கிடக்கும். மகனிடம் சொல்லி எடுத்து, துடைத்து வை. மகள் அந்தப் பழைய பிளேட்டை நல்ல தாளில் பிரிண்ட் போட்டுத் தருகிறாள். வட்டம் போட்ட இடத்தை நான் உனக்குக் காட்ட மாட்டேன். கோட்டை நீயே கண்டுபிடி.

பதில் போடு. கையெழுத்துக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
முத்தையா