நால்வர் மேசைக்கு இருவர் கணக்கு பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அட்டை விளையாட்டுகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தின் டெக்குகளை (ஒருவர் ஆடுவதற்காகக் கட்டும் அட்டைத் தொகுப்புகளை) வேகத் தாக்குதல், கட்டுப்படுத்தல், காம்போ என்று ஒரு வட்டமாக அடுக்கி, எந்த வகை எதை வெல்லும் என்று விளக்கியிருந்தது. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும்போது அந்த வட்டம் ஓரளவு உண்மைதான். ஆனால் அதே கட்டுரை, புதியவர்கள் கமாண்டர் முறையில் தொடங்கலாம் என்றும் பரிந்துரைத்திருக்கிறது. கமாண்டர் பெரும்பாலும் நால்வர் ஆடுவது; ஒவ்வொருவரும் 'கமாண்டர்' என்ற ஒரு தலைமை அட்டையைச் சுற்றி டெக் கட்டுவார்கள். அங்கே அந்த வட்டத்தை நம்பி டெக் கட்டுகிறவர், தான் ஏன் தோற்றோம் என்பதே விளங்காமல் எழுந்து போவார். பல ஆண்டுகளாக இதை ஆடி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வேகமாகத் தாக்கும் டெக்கை முதலில் பார்ப்போம். இருவர் ஆட்டத்தில் எதிராளியின் உயிர்ப்புள்ளி 20. மூன்று புள்ளி சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' ஏழு போட்டால் ஆட்டம் முடிந்துவிடும். கமாண்டரில் ஒவ்வொருவருக்கும் 40 புள்ளி என்பதால், மூவரையும் வீழ்த்த 120 புள்ளி வேண்டும். அதாவது ஒருவருக்குப் பதினான்கு வீதம் நாற்பத்திரண்டு போல்ட். 100 அட்டை டெக்கில் அடிப்படை நிலங்களை (மற்ற அட்டைகளை இறக்கத் தேவையான 'மானா' என்ற ஆற்றலைத் தருபவை) தவிர எந்த அட்டையும் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இருவர் ஆட்டத்தின் வேகம் இங்கே ஏன் பாதி வழியில் மூச்சு வாங்குகிறது என்பது புரியும்.

கட்டுப்படுத்தும் டெக்கின் நிலை இன்னும் நுட்பமானது. என் ஓர் அட்டையைக் கொடுத்து எதிராளியின் ஓர் அட்டையை அகற்றினால், இருவர் ஆட்டத்தில் அது சமமான பேரம். நால்வர் ஆட்டத்தில் நாங்கள் இருவரும் ஓர் அட்டை இழக்க, மற்ற இருவரும் எதையும் இழக்காமல் முன்னேறுகிறார்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முறை வலப்பக்கத்தவரின் சிறிய கிரியேச்சர் (தாக்கும் உயிரின அட்டை) என்னை இரண்டு தடவை தாக்கிய எரிச்சலில், கையிலிருந்த, எந்தக் கிரியேச்சரையும் அகற்றக்கூடிய 'ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ்' அட்டையை அதன்மீது செலவழித்துவிட்டேன். எதிரே இருந்தவரோ சத்தமில்லாமல் தன் கமாண்டருக்கு ஆயுதம் மேல் ஆயுதமாகப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒரே கமாண்டரிடமிருந்து 21 சேதம் வாங்கியவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. இரண்டே தாக்குதலில் அது நடந்தது, எனக்கு இன்னும் 15 உயிர்ப்புள்ளி மீதமிருந்தபோதே. அந்த ஓர் அட்டையை வைத்திருந்து அவருடைய கமாண்டரை அகற்றியிருந்தால், அவர் 2 மானா கூடுதலாகக் கொடுத்தே அதை மீண்டும் இறக்கியிருக்க முடியும். எனக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும்.

எனவே இந்த மேசையில் ஓர் அட்டையின் மதிப்பே வேறு. 'கோஸ்ட்லி பிரிசன்' இருந்தால் என்னைத் தாக்க ஒவ்வொரு கிரியேச்சருக்கும் 2 மானா கட்ட வேண்டும். இருவர் ஆட்டத்தில் இது தாமதம் மட்டுமே. நால்வர் ஆட்டத்தில், கட்ட மனமில்லாத தாக்குதல் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறது. 'கிரே மெர்ச்சன்ட்' தனியாக இறங்கினாலும் மூவரிடமும் இரண்டிரண்டு புள்ளி பறித்து, எனக்கு ஆறு தருகிறது. 'ரிஸ்டிக் ஸ்டடி'யை இருவர் ஆட்டத்தில் அதிகம் காண முடியாது. இங்கே மூன்று பேர் ஸ்பெல் (மந்திரமாக இறக்கும் அட்டை) போடும்போதெல்லாம் ஒரு மானா கட்டுகிறார்கள் அல்லது எனக்கு ஓர் அட்டை தருகிறார்கள்.

சில அட்டைகளை இணைத்து ஒரேயடியாக ஆட்டத்தை முடிக்கும் காம்போ டெக் பற்றியும் கட்டுரை தவறான நம்பிக்கையைத் தருகிறது. ஆட்டத்தை முடிக்கும் ஸ்பெல்லை ஒருவர் போட்டதும், தடுக்கும் வாய்ப்பு மற்ற மூவருக்கும் வரிசையாக வருகிறது. அதற்காகவே காம்போ இங்கே பலவீனம் என்று சொல்லிவிடவும் முடியாது. வரிசையில் முதலில் இருப்பவர், கையில் 'கவுன்டர்ஸ்பெல்' இருந்தும், அடுத்தவர் செலவழிக்கட்டும் என்று விட்டுக்கொடுப்பார். அடுத்தவரும் அப்படியே நினைப்பார். கடைசி ஆளிடம் ஒன்றும் இல்லையென்றால் மூவரும் சேர்ந்தே தோற்பார்கள். இந்தத் தயக்கத்தை எடைபோடுவதுதான் காம்போ ஆடுபவரின் உண்மையான திறமை என்று கருதுகிறேன். எந்தப் பொருத்த அட்டவணையிலும் அதற்கு இடமில்லை.

டெக்குகளை எப்படித்தான் பொருத்திப் பார்ப்பது என்று கேட்டால், ஆட்டத்துக்கு முன்பே பேசித்தான். இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2025இல் கமாண்டர் டெக்குகளுக்கு ஐந்து படிநிலைகளைச் சோதனை முறையில் அறிமுகப்படுத்தியதும் இந்தப் பேச்சை எளிதாக்கத்தான். ஆட்டத்தின் போக்கையே மாற்றும் அட்டைகள் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. மேலே சொன்ன 'ரிஸ்டிக் ஸ்டடி'யும் அதில் அடக்கம். மூன்றாம் படிநிலை டெக்கில் அப்பட்டியலிலிருந்து மூன்று அட்டைகளுக்கு மேல் வைக்கக் கூடாது. நால்வரும் ஒரே படிநிலையில் அமர்ந்தால், எந்த டெக் எதை வெல்லும் என்ற கேள்வி பின்னுக்குப் போய், இந்தச் சுற்றில் மேசையில் யார் ஆபத்தானவர் என்ற கேள்வி முன்னுக்கு வரும்.

அக்கட்டுரையின் வட்டம் இருவர் ஆட்டத்துக்கு மட்டுமே உரியது என்ற குறிப்பைத் தங்கள் அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்