வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் தங்கிவிட்டு வந்து எழுதுவது: குமரி மாவட்ட ஹோம்ஸ்டே உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் சொந்த வீட்டின் அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் புகாரை நான் தங்கிய வீட்டின் உரிமையாளர் ஒருவருக்கு மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். அவருக்கு எழுதியாயிற்று. ‘சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ்’ என்று ஒரு வரி வந்தது, கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று, அதற்குக் கீழேயே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு லிங்க். அவர் பெயரையோ வீட்டின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் போயிருந்த கல்யாண வீட்டில் நான் புலம்பியபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எல்லாம் வேறு வேறு வீடுகள், ஆனால் கதை ஒன்றுதான். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது திருவட்டாறு பக்கம். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தவர். தாய்வீடு பாகம் பிரித்துக் கைமாறிப் போய்விட்டது, கல்யாணம் நடந்த மாமா வீட்டிலோ படுக்க இடமில்லாமல் மொட்டை மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள், அம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. சரி, கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை, ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் தங்குவோம், லாட்ஜ் வேண்டாம் என்று தேடிப் பிடித்ததுதான் குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் நடுவில் இருந்த அந்த வீடு. ஓட்டுக்கூரை, முற்றம், பின்னால் ரப்பர், முன்னால் ஒரு அயனிப்பலா. ஒரு இரவுக்கு 3,500 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. ‘எங்கள் குடும்பத்தில் ஒருவராக வந்து தங்குங்கள்’ என்று போட்டிருந்தது, சமையலறை அடுப்பில் புட்டுக்குடம் ஆவி விடுகிற போட்டோ வேறு. அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அம்மா சரி என்றார்.

போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டியிருக்கிறது. போன் அடித்தால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸப்பில் ஒரு செய்தி: சாவி கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் இருப்பது குவைத்தில். அவர் மனைவி பிள்ளைகளும் அங்கேயேதான். வீட்டைப் பார்த்துக்கொள்வது பக்கத்து ரப்பர் விளையில் மரத்தைக் கீறிப் பால்வெட்டுகிற ஒரு அண்ணன், அவர் நம்பர் இது என்று இன்னொரு செய்தி. அந்தக் குடும்பத்தில் ஒருவராகத் தங்க நாங்களும் தயார்தான், குடும்பம்தான் இரண்டு நாடு தள்ளி இருந்தது.

உள்ளே நுழைந்ததும் வாடை. முதலில் என்னவென்று புரியவில்லை, ஜன்னலைத் திறந்தோம், மின்விசிறியைப் போட்டோம், போகவில்லை. அம்மாதான் மூக்கைச் சுருக்கிவிட்டு, “ஒட்டுப்பாலுல்லா வச்சிருக்கானுவ” என்றார். மாடிப்படிக்கு அடியில் ஸ்கிரீன் துணியை விலக்கினால் இரண்டு சாக்கு மூட்டை. ரப்பர் தெரியாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மரத்தில் வெட்டின இடத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொள்கிற பாலை அடுத்த முறை வெட்டும்போது உரித்தெடுத்துச் சாக்கில் சேர்த்து வைப்பார்கள், அதற்கும் கடையில் விலை உண்டு. காசு வரும் சரக்குதான், ஆனால் வீட்டுக்குள் வைத்தால் எலி செத்துக் கிடக்கும் இடம் தெரியாமல் தேடுகிற வீடு மாதிரி இருக்கும். தோட்டம் வைத்திருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். உங்கள் படுக்கையறைக்குப் பக்கத்தில் அதை வைப்பீர்களா?

இப்போது காலைச் சாப்பாட்டுக்கு வருகிறேன், என் கோபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அம்மாவுக்குத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். சின்ன வயதில் பாட்டி கையைப் பிடித்துப் போன கோயில், 2022-இல் கும்பாபிஷேகம் நடந்தபோதும் வர முடியவில்லை, மூன்று வாசல் வழியாக மூன்று துண்டாகத் தெரியும் அந்தச் சயனக் கோலத்தைக் கூட்டம் சேரும் முன்பே பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை போட வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். ஆறு மணிக்கு ஒரு கட்டஞ்சாயாவாவது, அதாவது பால் சேர்க்காத டீயாவது, கிடைக்குமா என்று வீட்டுக்காரருக்குச் செய்தி போட்டேன். நமக்குக் காலை ஆறு என்றால் குவைத்தில் மூன்றரை. யார் பார்ப்பார்கள்? பால்வெட்டுகிற அண்ணனுக்குப் போன் போட்டால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. சமையலறைக் கதவில் பூட்டு. வெளியே ஒரு ஸ்டூலில் எலக்ட்ரிக் கெட்டில், உள்ளே அடியில் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அதில் வெந்நீர் வைக்க அம்மா விடவில்லை.

ஒன்பதரை மணிக்கு அந்த அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடியும் முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கினால்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் நின்றுவிடும், வெட்டி முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பவும் மரம் மரமாகப் போய் சிரட்டையிலிருந்து பாலை எடுக்க வேண்டும், அப்புறம் உறை ஊற்ற வேண்டும். சுற்றுலா வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு வேண்டியிருக்கும் அதே நேரத்தில்தான் அவருக்குப் பிழைப்பே நடக்கிறது. இது வீட்டுக்காரருக்குத் தெரியாதா? ரப்பர் தோட்டத்துக்குள் வீடு கட்டியவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தேதான் அவரிடம் விட்டிருக்கிறார், வேறு ஆள் வைத்தால் சம்பளம் தர வேண்டுமே.

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பிரெட் பாக்கெட் ஒன்று, சுண்டுவிரல் அளவு ஜாம் பாக்கெட்டுகள், டீ பை. இதுதான் 3,500 ரூபாயில் சேர்த்தி என்று சொன்ன காலைச் சாப்பாடு. அம்மா ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். “நம்ம ஊருக்கு வந்து பிரெட்டு திங்கணும்னு தலையெழுத்தா மக்ளே?” என்றவர், அப்புறம் அந்த அண்ணனைப் பார்த்து, “நீரு எதாவது சாப்பிட்டீரா?” என்று கேட்டு அவரிடமே இரண்டு துண்டை நீட்டினார். அவர் சங்கடப்பட்டுச் சிரித்துவிட்டு, முனையில் ஒரு கடை இருக்கிறது, ரசவடை போட்டிருப்பார்கள் என்று வழி சொன்னார். அந்த இடத்தில் நாங்கள் பெற்ற ஒரே விருந்தோம்பல் அந்த வழிதான், அதையும் வாடகை வாங்காத ஆள்தான் தந்தார்.

இந்த மாவட்டத்தில் காலையில் சாப்பிட என்ன இல்லை? புட்டு, பயறு, பப்படம், அதோடு பிசைந்துகொள்ள ஒரு மட்டி வாழைப்பழம். உங்கள் ஊர் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுத் தேடி வருகிறார்கள், நீங்களோ வாழைத்தோட்டத்துக்கு நடுவில் உட்காரவைத்து ஜாம் பாக்கெட்டைக் கிழிக்கச் சொல்கிறீர்கள். ஆப்பம் வேண்டாம், அதற்கு முந்தின நாளே மாவு கரைக்க வேண்டும், சரி. மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அவித்து ஒரு மிளகாய்ச் சம்மந்தி அரைத்துவைக்க எவ்வளவு நேரமாகும்? கருப்பட்டி போட்ட ஒரு காப்பி? பிரெட் திருச்சியிலும் கிடைக்கிறது, அதற்கு நாங்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டி வரத் தேவையில்லை.

இன்னொன்று. வீட்டில் ஆள் இருந்தால் காசு செலவில்லாமல் கிடைக்கக்கூடிய விஷயங்கள் சில உண்டு. மதியம் அருவிக்குப் போகலாம் என்று பிள்ளைகள் துண்டெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்திருக்கிறார்கள், கோதையாற்றில் வெள்ளம், திற்பரப்பில் குளிக்கத் தடை என்று வாசலில் நின்ற போலீஸ்காரர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரிந்த செய்தி. கிளம்பும் நாள் திங்கட்கிழமை, போகிற வழியில் தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிடலாம் என்று போனால் கதவு சாத்தியிருக்கிறது. அது தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, அவர்களுக்குத் திங்கள் விடுமுறை. கூகுளில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கூகுளில் பார்ப்பதற்கு உங்களுக்கு எதற்கு 3,500 ரூபாய்? இன்றைக்கு அருவி வேண்டாம், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள், வெயில் தாழ்ந்து போங்கள், நாளைக்கு அரண்மனை கிடையாது என்று வாசலில் நின்று சொல்கிற ஒரு ஆளுக்காகத்தானே லாட்ஜை விட்டுவிட்டு வீட்டைத் தேடி வருகிறோம்.

இது என் ஆசை மட்டும் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிவு வாங்க வேண்டுமென்றால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. வாடகைக்கு விடும் அறைகள் ஒன்றிலிருந்து ஆறு வரை, மொத்தம் 12 படுக்கைக்கு மேல் கூடாது. வசதியைப் பார்த்து கோல்டு, சில்வர் என்று இரண்டு தரம் கொடுக்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டை ஆள் இருக்கிற வீடு மாதிரி போட்டோ போட்டு விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் என்று வாதாட இடமிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு யாரும் புகார் சொல்லலாம். நான் போகவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டு கேஸ் நடத்த யாருக்குத் தெம்பு இருக்கிறது?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். குமரியில் வளைகுடாவுக்குப் போகாத ஆள் இல்லாத தெரு அபூர்வம். ஆசையாகக் கட்டிய வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் ஏறும், ஓடு விலகும், மழை இரண்டு பருவத்திலும் விடாது. யாராவது தங்கினால் வீடும் புழங்கும், கரண்ட் பில்லுக்கும் ஆகும். நியாயம்தான். அப்படியென்றால் முழு வீடு வாடகைக்கு, யாரும் உடன் இருக்க மாட்டார்கள், சமையலறை உங்கள் கையில், நீங்களே பொங்கிக்கொள்ளுங்கள் என்று போடுங்கள். வாடகையையும் அதற்குத் தக்கபடி வையுங்கள். அம்மா அந்தச் சமையலறைச் சாவி கிடைத்திருந்தால் எங்களுக்கு மட்டுமல்ல, பால்வெட்டுகிற அண்ணனுக்கும் சேர்த்துப் புட்டு அவித்திருப்பார். பூட்டிவைத்ததுதான் பெரிய கொடுமை. இல்லை, காலைச் சாப்பாடு என்று காசு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அக்கம்பக்கத்தில் ஒரு அக்காவிடம் சொல்லிவைத்து, இலைக்கு இவ்வளவு என்று அவர் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள். மகளிர் குழுவில் சமைத்துக் கொடுக்கிறவர்கள் உங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஏழரை மணிக்கு ஒரு தூக்குவாளியில் சாப்பாடு வந்து இறங்கினால் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தால் என்ன, கனடாவில் இருந்தால் என்ன, நாங்கள் கேட்கப்போவதில்லை.

மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தாயிற்று, அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கன்னியாகுமரி லாட்ஜிலேயே படுப்பதில்லை, உள்ளே கல்குளம், விளவங்கோடு பக்கமும் வரத் தொடங்கிவிட்டார்கள். பதிவு பெற்ற வீடுகள் எவை, எந்த வீட்டில் உரிமையாளர் குடியிருக்கிறார் என்று தமிழில் ஒரு பட்டியல் எல்லோரும் பார்க்கிற இடத்தில், பஸ் ஸ்டாண்டிலும் படகுத்துறையிலும், ஒட்டிவைத்தால் போதும். மீதியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒழுங்காக நடத்துகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், இதைப் படித்துவிட்டு ‘எங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டானே’ என்று வருத்தப்படுவீர்கள். உங்களைத்தான் எனக்கு இப்போது தேவை. தை மாதத்தில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, அதுவும் திருவட்டாறு பக்கம்தான். கீழ்த்தளத்தில் ஒரு அறை, இந்தியக் கழிப்பறை இல்லாமல் வெஸ்டர்ன் இருந்தால் நல்லது, காலை ஆறு மணிக்கு ஒரு கட்டஞ்சாயா. வீட்டில் நீங்கள் இருப்பீர்கள் என்றால் வாடகை எவ்வளவு என்று சொல்லுங்கள், முன்பணம் அனுப்பிவிடுகிறேன்.