செல்லப்பிராணிகளும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றிய பேச்சு மருத்துவமனைகளோடும் கோழிப் பண்ணைகளோடும் நின்றுவிடுகிறது. வீட்டு நாயும் பூனையும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் அவற்றின் தோலிலும் மூக்கிலும், பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரக்கும் ஈ.கோலை கிருமிகள் குடலிலும், நோயின் அறிகுறி எதுவும் இல்லாமலே குடியிருக்கக்கூடும். நம்மிடமிருந்தும் அவற்றுக்கு இவை தொற்றுகின்றன என்பதால், பழியை வாயில்லா ஜீவன்மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று.

காதில் சீழ் வடியும் நாய்க்கு, வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் மாத்திரையைப் பாதியாக உடைத்து, தயிர்சாதத்தில் பிசைந்து ஊட்டி, இரண்டு நாளில் சீழ் குறைந்ததும் நிறுத்திவிடுகிறோம். எடைக்கேற்ற அளவு இல்லாமல் இப்படிக் கொடுக்கும்போது எளிதில் சாகும் கிருமிகள் சாக, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. காது நோய்க்குப் பூஞ்சையோ ஒவ்வாமையோ காரணமென்றால் அங்கே இம்மருந்துக்கு வேலையே இல்லை.

மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதிகளில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையின்படி, செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விற்கும் கடைக்காரர், சீட்டெழுதிய மருத்துவரின் விவரத்தையும் நோயாளியின் விவரத்தையும் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பிராணிகளுக்கென்று கேட்டு வாங்கும்போதும் இவ்விதி கண்டிப்புடன் பின்பற்றப்படுவதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உறுதிசெய்ய வேண்டும். சீழை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று கண்டறியும் சோதனை, மாவட்டந்தோறும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தாம்பரம்