சூரியன் மேல் விழுந்த கோடுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் சொல்வார், மாதக் கூட்டங்களும் வழக்கம்போல நடந்தன, அதனால் நேராகச் சூரியனுக்கு வந்துவிடுகிறேன். கரும்புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சக்கட்டத்தைச் சூரியன் எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்ததிலிருந்து, கரும்புள்ளி தெரியும் ஒரு காலையைக்கூட விட நமக்கு மனமில்லை.

ஆனால் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் மட்டும் சூரியனைக் காட்டும் ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கியைப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் வைத்து எடுத்த முதல் படத்திலிருந்தே, சூரியத் தட்டு முழுக்க வரிவரியாகக் கோடுகள். வடிகட்டியில்தான் கோளாறு, கடைக்கே திருப்பி அனுப்பலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அப்புறம் கேமராவை மட்டும் கால் சுற்று திருப்பிப் பார்த்தோம். திரையில் சூரியன் திரும்பியது, கரும்புள்ளிகள் இடம் மாறின, கோடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அப்படியென்றால் கோளாறு கேமரா பக்கம். சென்சருக்கும் அதை மூடிய கண்ணாடிக்கும் நடுவில் ஒளி எதிரொளித்துத் தன்னோடு தானே குறுக்கிடுவதால் வரும், நியூட்டன் வளையங்கள் எனப்படும் கோடுகள் அவை, அந்தச் சிவப்பு ஒளியின் அலைநீளமான 656.28 நானோமீட்டரை ஒட்டிய மிகக் குறுகிய பட்டை மட்டும் உள்ளே வருவதால் பளிச்சென்று தெரிகின்றன. கேமராவைச் சற்றே சாய்க்கும் இணைப்பு வளையம் ஒன்றைப் போட்டு மெல்லத் திருகினோம். கோடுகள் நெருங்கி, மெலிந்து, கண்ணெதிரே மறைந்தன. அந்தக் காலை எனக்கு மறக்காது.

எல்லா நிற ஒளியிலும் சூரியனைக் காட்டும் வெள்ளொளித் தொலைநோக்கியில் வேறு சிக்கல். ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் வடிகட்டித் தாளை, சுருக்கம் விழக்கூடாதென்று மத்தளத்தோல் போல இழுத்து ஒட்டியிருந்தோம். குவியத்துக்கு முன்னால் கரும்புள்ளி குறுக்கே நீண்டது, பின்னால் நெடுக்கே நீண்டது. தாளின் சட்டத்தைத் திருப்பினால் நீளும் திசையும் கூடவே திரும்பியது. பிரித்துத் தளர்வாக ஒட்டினோம், சரியாகிவிட்டது. லேசான சுருக்கம் பார்க்க நன்றாயில்லைதான், படத்தைக் கெடுப்பதில்லை.

எல்லாப் பழியையும் கருவிகளின் மேல் போடவும் முடியாது. முற்பகல் ஏற ஏற கான்கிரீட் சுட்டு, சூரியனின் விளிம்பு கொதிநீர் மாதிரி நெளிகிறது. அதனால் இனி காலை எட்டரைக்கே, புளோக்குக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் கூடுவோம்.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறையும் தாளை மாட்டும் முன் டார்ச் வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தாள் ஒன்றில் போன மாதம் துளை தென்பட்டது, வேறு யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று அன்றே துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன்.